கயிற்று நுனியில் முடிச்சு எங்கே?

கேள்வி: சுவிட்சர்லாந்தில் படிக்கும் மகன், அருவிக்கு நடுவே கயிற்றில் இறங்கும் வீடியோ அனுப்பினான். கயிற்றின் நுனியில் முடிச்சே இல்லை. கை நழுவினால் என்ன ஆவது? குளிர் வேறு!
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: கூர்மையான கண் அம்மா உங்களுக்கு. காய்ந்த பாறையில் இறங்குகிறவர்கள் நுனியில் முடிச்சுப் போடுவார்கள். அருவியில் நேர்மாறு. கயிறு கீழே உள்ள தடாகத்தின் நீர்மட்டம் வரைதான் தொங்கும். நுனி வந்ததும் அப்படியே உருவிக்கொண்டு நீந்திவிட வேண்டும். முடிச்சு இருந்தால் கயிறு ஓடும், இடுப்பிலுள்ள எட்டு வடிவ வளையத்தில் சிக்கி, கொட்டும் தண்ணீருக்கு அடியிலேயே மாட்டிக்கொள்வோம். நான் ஒருமுறை கயிற்றை நீளமாக விட்டுவிட்டு, காலில் சுற்றியதை அவிழ்க்கத் திணறியிருக்கிறேன். ஐந்தருவியில் தலை காட்டிய உங்களுக்கு அந்த அடி புரியும்.

குளிருக்கு நியோபிரீன் என்ற ரப்பர் உடை உண்டு, வழக்கமாக 5 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே புகும் கொஞ்சம் நீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். ஆனால் இறுக்கமாக இருக்கணும். இரவல் வாங்கிய தொளதொள உடையில் இறங்கி, விரல் மரத்துப்போய், கொக்கியைத் திறக்க முடியாமல் நின்றது நான்தான்.

கவலைப்பட வேண்டியது மேலே பெய்யும் மழைக்கு. 1999 ஜூலை 27 அன்று அதே சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கன் ஊர் அருகே சாக்செட்டன் ஓடையில் திடீர் வெள்ளம் வந்து, இப்படி இறங்கிய 21 பேர் இறந்தார்கள். வழிகாட்டிகளும் அதில் உண்டு. அடுத்த முறை போன் பேசும்போது, மலை உச்சியில் வானம் எப்படி என்று கேளுங்கள். "இங்கே வெயில்தாம்மா" என்றால் மறுபடியும் கேளுங்கள்.