கூறைச்சீலையில் தைத்த மண்மூட்டை

கேள்வி: சென்ற இதழில், வன்னியில் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஒரு படத்தை 'காயத்தை விற்கிற படம்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். 2009இல் எனக்கு ஆறு வயது. செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றதைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை. அம்மா கண்டால் ஏசுவா என்று இரவில் ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன், அழுதேன். நாஜி முகாம்களை வைத்து எடுத்த மலிவான படங்களையும் ஒரு காலத்தில் திட்டித் தீர்த்தார்கள். இன்று அவற்றைத் தேடிப் பிடித்துப் பார்த்து, 'அந்த வகையில் நல்ல படம்' என்கிறார்கள். நடந்ததைக் காட்டாவிட்டால் உலகத்துக்கு எப்படித் தெரியும்?
— வாசகர் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, ஒரே வரியில் எழுதியது என் பிழை. ஒரு படத்தை வேண்டாம் என்கிறவன் காரணத்தையும் சொல்ல வேண்டும். இப்போது சொல்கிறேன்.

நாஜிப் படங்களை நீங்களே இழுத்தபடியால் அங்கிருந்து தொடங்குவோம். அந்த வகையில் அதிகம் பேசப்படுவது 1975இல் வந்த 'இல்சா'. வதைமுகாம் ஒன்றின் தலைவி, கைதிகளின் உடல்களை என்னென்ன செய்கிறாள் என்பதுதான் படம் முழுக்க. போர்க்கைதி முகாமில் நடப்பதாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1971 வரை ஓடிய ஒரு நகைச்சுவைத் தொடருக்குப் போட்டிருந்த செட்டிலேயே அதை எடுத்து முடித்தார்கள். படம் தொடங்கும்போது ஓர் அறிவிப்பு வரும். இது ஆவணங்களில் உள்ள உண்மைகளை அடிப்படையாகக் கொண்டது, இப்படியான குற்றங்கள் இனி ஒருபோதும் நடக்கக்கூடாது என்ற நம்பிக்கையோடு இதைச் சமர்ப்பிக்கிறோம் என்று. கீழே தயாரிப்பாளரின் பெயர் இருக்கும். அது அவருடைய சொந்தப் பெயர் அல்ல, புனைபெயர். வரலாற்றுக்குச் சாட்சி சொல்ல வந்தவர் ஏன் தன் பெயரை ஒளிக்கிறார்?

நீங்கள் பார்த்த படத்திலும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. 'உண்மைச் சம்பவங்கள்', 'சமர்ப்பணம்' எல்லாம் இருந்தன. சரி, அப்புறம் என்ன வந்தது? நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்யும் காட்சி பதினொரு நிமிடம் ஓடுகிறது. அந்தப் பெண்ணுக்குப் படத்தில் பெயர் கிடையாது. அவள் பேசுவது இரண்டே சொல்: 'தண்ணி', 'அம்மா'. அவள் எந்த ஊர், என்ன படித்தாள், யாரைத் தேடி அந்தப் பக்கம் நடந்தாள், ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய சட்டை எந்த இடத்தில் கிழிந்தது என்பது மூன்று கோணத்தில் இருக்கிறது.

'அந்த வகையில் நல்ல படம்' என்றால், தருவதாகச் சொன்ன சரக்கைக் குறையாமல் தந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி மதிப்பெண் போடுகிற பலருக்கு அந்த முகாம் தூரத்து ஊர், தூரத்துக் காலம். எங்களுக்கு இது பக்கத்து வளவு.

எடுத்தவரின் மனம் நல்ல மனம் என்றும் நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். இத்தாலிய இயக்குநர் பொன்டெகோர்வோ 1960இல் வதைமுகாமைப் பற்றி 'கப்போ' என்றொரு படம் எடுத்தார். அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பாசிசத்தை எதிர்த்து நின்றவர். அவரை வியாபாரி என்று எவரும் சொல்ல முடியாது. அதில் ஒரு பெண் மின்கம்பியில் பாய்ந்து உயிரை விடுகிறாள். அந்த நேரத்தில் கமரா அவளை நோக்கி மெல்ல நகர்ந்து, தூக்கி நிற்கும் அவளுடைய கை சட்டகத்தின் மூலையில் அழகாக வரும்படி நிற்கிறது. அடுத்த வருடம் பிரெஞ்சு விமர்சகர் ஜாக் ரிவெத் அந்த ஒரு அசைவை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அந்த இடத்தில் அப்படிக் கமராவை நகர்த்தத் தீர்மானித்தவர் மிக ஆழ்ந்த வெறுப்புக்கு மட்டுமே உரியவர் என்றார். எனக்கு அது கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் அவர் பார்த்த இடம் சரியான இடம். செத்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் கை எங்கே வந்தால் வடிவாக இருக்கும் என்று யோசிக்க ஒருவருக்கு நேரம் இருந்திருக்கிறது.

இனி உங்கள் பெரிய கேள்வி, உலகத்துக்கு எப்படித் தெரியும் என்பது. தெரிந்தது தம்பி. 2009 ஆகஸ்டில், கைகள் கட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொல்லும் கைத்தொலைபேசிக் காணொளியைப் பிரித்தானியத் தொலைக்காட்சியான சனல் 4 ஒளிபரப்பியது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் அதை நிபுணர்களிடம் கொடுத்து ஆராய்வித்து, உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார். அது ஆதாரம். அதில் இசை இல்லை, மெதுவாக ஓட்டுவதும் இல்லை. இப்படி வெளிவந்த காட்சிகளை நிறுத்தி நிறுத்தி, பிள்ளையின் முகம் இருக்கிறதா என்று தேடிய தாய்மார் இங்கே இருக்கிறார்கள். ஒரு நடிகையைக் கட்டிவைத்து, வெளிச்சம் போட்டு எடுத்த பதினொரு நிமிடத்தை எந்த நீதிமன்றமும் ஆதாரமாக எடுக்கப் போவதில்லை.

நீங்கள் பார்த்த படத்தை நான் முதலில் பார்த்தது கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாசிகசாலையில். இளைஞர்கள் சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டிப் போட்டுக் காட்டினார்கள். முன்னால் பாயில் பெண்கள், பிள்ளைகள். பதுங்குகுழிக் காட்சி வந்தது. சுற்றிவர நல்ல புதுச் சாக்கு மூட்டைகள், வரிசை பிசகாமல். ஒரு அம்மா சத்தமாகவே சொன்னார்: "எங்களிட்டச் சாக்கு எங்கயிருந்தது? என்ரை கூறைச்சீலையை வெட்டித் தைச்சுத்தானே மண் நிரப்பினனாங்கள். மாத்தளனில அதுவும் கிழிஞ்சு போச்சு." அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சீலையின் நிறத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒன்று குங்குமச் சிவப்பு, ஒன்று மயில்கழுத்து நீலம், இன்னொன்று மகளின் சாமத்தியச் சீலை. படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மாத்தளன் கடற்கரை மணல் நில்லாமல் சரியும் என்பதால், இருந்த சீலையெல்லாம் மூட்டையாகிப் போன கதை அந்தப் பாயில்தான் இருந்தது, விரிப்பில் இல்லை.

பிறகு அந்தப் பதினொரு நிமிடம் வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். தடுப்பிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி ஓரமாக இருந்தவள், தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது. போர் முடிந்தபின் 12,000 பேர் வரையில் 'புனர்வாழ்வு' என்று தடுப்பில் வைக்கப்பட்டார்கள் அல்லவா, அவர்களில் அவளும் ஒருத்தி. அந்தக் கிழமையே கடையடியில் ஒரு பெண் அவளிடம் கேட்டாளாம்: "உனக்கும் அப்பிடித்தானோ நடந்தது?" கேட்டவள் கெட்டவள் அல்ல. படம் அவளுக்குக் கொடுத்த கேள்வி அது. படத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயரும் ஒரு கதையும் இருந்திருந்தால், அது அவளுக்கு நடந்தது என்று நின்றிருக்கும். பெயரே இல்லாதபடியால் தடுப்பிலிருந்து வந்த ஒவ்வொருத்தியின் மேலும் அது ஒட்டிக்கொள்கிறது. கலியாணப் பேச்சு வரைக்கும் போய் நிற்கிறது. எடுத்தவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

படத்தைத் தடை செய்யச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2014இல் ஈழப் போரைப் பற்றிய சந்தோஷ் சிவனின் 'இனம்' படத்தை எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே தியேட்டர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது எனக்கு அப்போதும் உடன்பாடில்லை, இப்போதும் இல்லை. 'ஆர் பக்கம்' என்று மட்டும் கேட்டுப் படத்தை அளக்கிற பழக்கம் எங்களிடமும் உண்டு, தெற்கிலும் உண்டு. பிரசன்ன விதானகேயின் சிங்களப் படமான 'புரஹந்த களுவர' 2000இல் அரசாங்கத்தால் தடுக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் போய்த்தான் வெளியே வந்தது. படையில் இருந்த மகன் இறந்துவிட்டான் என்று முத்திரையிட்ட பெட்டி வீட்டுக்கு வருகிறது, பார்வையில்லாத தகப்பன் நம்ப மறுக்கிறார். போர்க்களத்தை அந்தப் படம் காட்டவே இல்லை. மற்றப் பக்கத்துத் தகப்பனின் கதைதான். ஆனாலும் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் இருக்கிற இருப்பைப் பார்த்தபோது, பெட்டிகூட வராத எங்கள் வீடுகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

நீங்கள் அழுததில் ஒரு பிழையும் இல்லை. ஆறு வயதில் உங்களைச் சுற்றி என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறீர்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அம்மா கண்டால் ஏசுவா என்று ஹெட்போன் போட்டுப் பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடற்கரையால் வந்தவர் அவர். அவரைப் பற்றிய படத்தை அவருக்கு ஏன் ஒளித்துப் பார்த்தீர்கள்? இன்றைக்குச் சோறு சாப்பிடும்போது, வீட்டில் எந்தச் சீலை மூட்டையாகப் போனது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை அவருடைய சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை அதற்கே விடுகிறேன்.