பெட்ரா ஓவியம் வாங்கியவர்களின் கேள்விகள்

கேள்வி: ஜோர்டான் போனபோது பாறையில் செதுக்கிய பழைய நகரமான பெட்ராவின் நிலக்காட்சி ஒன்றை, கையால் வரைந்தது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிரிண்ட் போல இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பூதக்கண்ணாடியில் பாருங்கள். நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரிந்தால் பிரிண்ட்தான். தடவினால் பிரஷ் வரி தட்டுப்படுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். அச்சடித்த கேன்வாஸ் மேல் நிறமில்லாத ஜெல்லைப் பூசி அந்த வரியை உண்டாக்குகிறார்கள். அதனால் படத்தில் பாறை ஒரு பக்கம் வளையும், பூசிய வரி வேறு பக்கம் ஓடும். இப்படி ஒன்றை நானும் வாங்கி, இரண்டு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இன்னும் மனசு ஆறவில்லை. நீங்கள் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். தப்பு பொய் சொன்னவர் மேல். கார்டில் பணம் கட்டியிருந்தால் பில்லோடு வங்கியில் உடனே முறையிடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.

கேள்வி: ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் 1839-இல் பெட்ரா போய் வரைந்த, பாறையில் செதுக்கிய கஸ்னே கட்டடத்தின் முகப்பு, அந்தக் காலத்து லித்தோகிராப் (கல்லில் வரைந்து எடுத்த அச்சுப் படம்) என்று விற்கிறார்கள். கீழ்வரிசைத் தூண்கள் ஆறும் முழுசாக இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் போனபோது அந்த ஆறு தூண்களில் ஒன்று விழுந்துகிடந்தது. 20-ஆம் நூற்றாண்டில்தான் திரும்பக் கட்டினார்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஓவியம் உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. அளவு போட்டிருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: போட்டிருந்ததைப் படிக்காதது நீங்கள். விற்றவரை ஏன் இழுக்கிறீர்கள்?

கேள்வி: வாங்கி மூன்றே வருடத்தில் பாறையின் ரோஜா நிறம் வெளிறிவிட்டது. வெயில் படும் சுவர்தான் காரணமா?

பதில்: வெயில் பாதிக் காரணம். மீதி, பூசிய நிறம். பெட்ராவின் மணற்கல் சிவப்பாக இருப்பது அதிலுள்ள இரும்பு ஆக்சைடால். பெட்ராவை உருவாக்கிய நபட்டேயர்கள் என்ற பழைய அரபு மக்கள் செதுக்கி ஏறக்குறைய 2000 வருடமாக வெயிலில் நின்றும் அந்தச் சிவப்பு போகவில்லை. அதே இரும்பு ஆக்சைடு பெயின்ட் டியூபிலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. டியூபில் அதன் நிறக் குறியீடு பி.ஆர். 101 என்று போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, பளிச்சென்று தெரிய அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு நிறத்தை மெல்லிசாகப் பூசினால் வெளிச்சத்தில் மங்கத்தான் செய்யும். பிஸ்கட் பாக்கெட்டில்கூட என்ன கலந்தது என்று அச்சடிக்கிறார்கள். அத்தனை பணம் வாங்கும் ஓவியத்தின் பின்னால் நாலு நிறத்தின் பெயரை எழுதித் தரக் கூடாதா? கேளுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆயில் பெயின்டிங்கைச் சுருட்டிக் கொண்டுவரலாமா?

பதில்: நன்றாகக் காய்ந்திருந்தால் சரி. பெயின்ட் பூசிய பக்கம் வெளியே இருக்கட்டும், அகலமான குழாயின் மேல் சுற்றுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் பெயின்ட் நசுங்கி வெடித்துவிடும்.