விலைக் கணக்கு: எக்ஸ் என்பது தேன்குழல் இல்லை

கேள்வி இது: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்தால் விடை கண்டுபிடித்துவிடுகிறாள். அதையே ‘3 கிலோ இது, 2 கிலோ அது, மொத்தம் இவ்வளவு ரூபாய்’ என்று கேட்டால் முழிக்கிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

காரைக்குடியில் டியூஷன் எடுக்கிறேன். இந்த முழிப்பு எனக்குப் பழக்கம். நீக்கல் முறை, பிரதியிடல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை எல்லாம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். தகராறு அதற்கு முன்னால் எழுத வேண்டிய வரியில்தான். ‘எக்ஸ் = தேன்குழல்’ என்று எழுதிவைப்பார்கள். தேன்குழலை எப்படி மூன்றால் பெருக்குவது? ‘எக்ஸ் = 1 கிலோ தேன்குழலின் விலை, ரூபாயில்’ என்று முழுசாக எழுத வையுங்கள். எழுதச் சோம்பல்படுவார்கள், விடாதீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். விலை நான் வைத்தது, கடையில் போய்ச் சண்டை போட வேண்டாம். 3 கிலோ தேன்குழலும் 2 கிலோ அதிரசமும் 1680 ரூபாய். 2 கிலோ தேன்குழலும் 3 கிலோ அதிரசமும் 1720 ரூபாய். அதிரசம் கிலோ விலை ஒய் என்றால்:

3எக்ஸ் + 2ஒய் = 1680
2எக்ஸ் + 3ஒய் = 1720

பலகாரக் கடை ஆச்சியிடம் இதைச் சொன்னால் எக்ஸும் தேட மாட்டார், ஒய்யும் தேட மாட்டார். “ஒரு கிலோ தேன்குழலை வச்சுட்டு ஒரு கிலோ அதிரசம் எடுத்தா 40 ரூபா கூட வருது. அப்ப அதிரசம் கிலோவுக்கு 40 கூட” என்பார். முதல் பில்லில் உள்ள 2 கிலோ அதிரசத்துக்குப் பதிலாகவும் தேன்குழலே வாங்கியதாக வைத்துக்கொண்டால் 80 ரூபாய் குறையும். 5 கிலோ தேன்குழல் 1600, கிலோ 320. அதிரசம் 360. ஒய் = எக்ஸ் + 40 என்று எடுத்து முதல் சமன்பாட்டில் போடுவதும் இதேதான், பிரதியிடல் முறை. மகளிடம் முதலில் இப்படி வாயால் பேச வைத்துவிட்டு அப்புறம் பேனாவைக் கொடுங்கள்.

எண்கள் இப்படி இடம் மாறி வந்தால் கூட்டிக் கழிப்பதே சுலபம். கூட்டினால் 5எக்ஸ் + 5ஒய் = 3400, அதாவது இரண்டிலும் ஒவ்வொரு கிலோ 680. வித்தியாசம்தான் ஏற்கெனவே தெரியும், 40. இது பழைய வித்தை. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்துச் சமணக் கணித அறிஞர் மகாவீரர் (தீர்த்தங்கரர் அல்ல, இவர் வேறு) ‘கணித சார சங்கிரக’த்தில் இதே ஜாதிக் கணக்கைக் கேட்கிறார்: 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் 107, 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் 101, ஒவ்வொன்றும் என்ன விலை? கூட்டினால் 16 ஜோடி 208, ஒரு ஜோடி 13. கழித்துப் பாதியாக்கினால் 3. ஆக நார்த்தங்காய் 8, விளாம்பழம் 5. மகளுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள், பேனாவே வேண்டாம்.

அடுத்த வகையில்தான் அந்த முதல் வரியின் அருமை தெரியும். ஒரு வராந்தாவுக்கு ஆத்தங்குடிக் கல் 120 சதுர அடி வாங்குகிறார்கள். பிளெயின் கல் சதுர அடி 60 ரூபாய், ஓரத்துக்குப் பூப்போட்டது 85. (கண்ணாடித் தகட்டில் கலர் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்வது, பூவுக்குக் கூடத்தான் கேட்பார்கள்.) மொத்தம் 8450 ரூபாய். இங்கே விலை தெரியும், தெரியாதது அளவு. எக்ஸ் என்பது எத்தனை சதுர அடி பிளெயின் கல் என்பது, ஒய் என்பது எத்தனை சதுர அடி பூக்கல் என்பது. பழக்கதோஷத்தில் விலையை எக்ஸ் என்று வைத்த பிள்ளை அங்கேயே நின்றுவிடும். சரியாக வைத்தால் எக்ஸ் + ஒய் = 120, 60எக்ஸ் + 85ஒய் = 8450. எல்லாமே பிளெயின் என்றால் 7200. மீதி 1250-ஐ, பூவுக்குக் கூடக் கேட்கும் 25-ஆல் (85 - 60) வகுத்தால் பூக்கல் 50 சதுர அடி, பிளெயின் 70.

கிராமும் கிலோவும் கலந்து வந்தால், கால் கிலோ விலையை எக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். தசமப் புள்ளித் தொல்லை போகும்.

விடை சரியா என்று பார்க்கும்போது, தான் எழுதிய சமன்பாட்டில் போட்டுப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. சமன்பாடே தப்பாக இருந்தால் அதற்கு அந்த விடை அழகாகப் பொருந்தும். கேள்வியை மறுபடி படித்து, அந்த வாக்கியத்தில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று: எல்லா இரண்டு பில்லும் உதவாது. 2 கிலோ தேன்குழலும் 3 கிலோ அதிரசமும் 1720. 4 கிலோவும் 6 கிலோவும் 3440. இது ஒரே பில்லை இரண்டு தடவை நீட்டியது போல, புதுசாக ஒன்றும் தெரியாது, தீர்வு எண்ணிலடங்காதது. அந்த இரண்டாவது பில் 3400 என்றால் தீர்வே கிடையாது. வரைபடத்தில் இரண்டும் இணைகோடுகள். நிஜக் கடையில் இதற்குக் காரணம் சாதாரணமானது: மொத்தமாக வாங்கியதற்கு 40 ரூபாய் குறைத்திருக்கிறார்கள், கிலோ விலை மாறிவிட்டது. அந்தத் தள்ளுபடியையும் தெரியாத மதிப்பாகச் சேர்த்தால் மூன்று மாறிகள் ஆகிவிடும், அதற்கு மூன்றாவதாக ஒரு பில் வேண்டும். அது பத்தாம் வகுப்புப் பாடம், இந்த வருஷம் வேண்டாம்.