ஊசி வந்துவிட்டதாமே, மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 36. 2015-இல் இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து மாத்திரை எடுக்கிறேன், இப்போது மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த டி.எல்.டி. பல வருடமாக வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, கண்டுபிடிக்க முடியாத அளவில்தான் இருக்கிறது. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தொற்று இல்லை. மாமியாருக்கு விஷயம் தெரியாது. மாத்திரை டப்பா கிலுகிலுவென்று சத்தம் போடும் என்பதால் பிளாஸ்டிக் பையில் கொட்டி, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். டர்பனிலேயே சில பெண்கள் ஆன்டிபாடி ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரையை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருக்கிறார்கள் என்று என் சித்தி மகள் சொன்னாள். எனக்கும் அப்படி இருக்குமோ என்று பார்க்க 11 நாளாக மாத்திரை போடவில்லை. உடம்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. இன்னும் இரண்டு வாரம் பொறுத்து டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? அந்த ஊசி எங்கே கிடைக்கும்?

பதில்: தங்கச்சி, இன்று ராத்திரியே மாத்திரையைப் போட்டுவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். 11 நாள் விட்டுப்போனதற்காக இரண்டு மூன்றாகச் சேர்த்துப் போட வேண்டாம், எப்போதும் போல ஒன்றே ஒன்று. அடுத்த ஓரிரு நாளில் கிளினிக்குக்குப் போய், நிறுத்தியதைச் சிஸ்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து நிறையப் பேர் மறைத்துவிடுகிறார்கள். திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டு, அடுத்த ரத்தப் பரிசோதனையில் வைரஸ் ஏறியிருந்தால், மருந்து தோற்றுவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நன்றாக வேலை செய்யும் மருந்தை அநியாயமாகக் கைவிட்டது போல ஆகிவிடும்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வைரல் லோடு மறுபடி கண்டுபிடிக்க முடியாத அளவில் இருக்கிறது என்று பரிசோதனை காட்டும்வரை வீட்டில் ஆணுறை கட்டாயம். இத்தனை வருடம் உங்கள் கணவரைக் காப்பாற்றியது அந்த ஒரு மாத்திரைதான். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவில் இருக்கும்வரை உடலுறவின் மூலம் அது பரவாது. மாத்திரையை நிறுத்தினால் அந்தக் காப்பு போய்விடும். போன தேதி உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

உடம்பில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்காது. மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் வைரஸ் திரும்பிவிடும். அப்போது காய்ச்சல் வர வேண்டும், இருமல் வர வேண்டும் என்றெல்லாம் இல்லை. நீங்கள் வழக்கம் போலப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, டாக்சி பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். உள்ளே எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்.

அது எங்கிருந்து வருகிறது? நம் கோயில்களில் தீமிதிக்கும் குழியைப் பார்த்திருப்பீர்கள். மேலே சாம்பல் நிறமாகப் படிந்துகிடக்கும், கிளறினால் அடியில் கனகனவென்று இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதேதான். எச்.ஐ.வி. தன் மரபணுவைச் சில வெள்ளணுக்களின் மரபணுவோடு தைத்துவிட்டு அங்கேயே தூங்குகிறது. மாத்திரையால் வைரஸ் பெருகுவதைத் தடுக்க முடியும், தூங்குவதைத் தொட முடியாது. மாத்திரை நின்றால் எங்கோ ஒரு செல் விழித்துக்கொள்ளும், அந்த ஒன்று போதும்.

சரி, டர்பன் பெண்கள் விஷயம். உங்கள் சித்தி மகள் பொய் சொல்லவில்லை. டர்பன் பக்கத்து உம்லாசியில் 2012-இல் ஒரு ஆய்வு தொடங்கியது. 18 முதல் 23 வயது வரையுள்ள, தொற்று இல்லாத இளம்பெண்களை அதில் சேர்த்து, வாழ்க்கைக்கும் வேலைக்கும் உதவும் வகுப்புகள் நடத்தி, வாரத்துக்கு இரண்டு முறை விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். அதனால் யாருக்காவது தொற்று வந்தால் சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது, உடனே மாத்திரையும் தொடங்கியது. அப்படி ஆரம்பத்திலேயே சிகிச்சைக்கு வந்தவர்களில் 20 பெண்களைத்தான் பேராசிரியர் தும்பி இண்டுங்குவின் குழு அந்த ஆன்டிபாடி சோதனையில் சேர்த்தது. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு வகை ஆன்டிபாடிகளைக் கொடுத்தார்கள். தூங்கும் வைரஸைத் தட்டி எழுப்பவும் நோய் எதிர்ப்பைத் தூண்டவும் வெசாடோலிமாட் என்று ஒரு மருந்தையும் சேர்த்தார்கள். அதன் பிறகுதான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி, மாத்திரையை நிறுத்தினார்கள்.

2025 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எச்.ஐ.வி. மாநாட்டில் முடிவை வெளியிட்டார்கள். 20 பேரில் 6 பேர் 55 வாரம் வரை மாத்திரை இல்லாமல் இருந்தார்கள். அவர்களில் 4 பேர் அறிவிப்பு வந்த அன்றும் மாத்திரைக்குத் திரும்பியிருக்கவில்லை, அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நம் ஊர்ப் பெண்கள், நம் ஊர் ஆய்வு. ஆப்பிரிக்காவில் ஆன்டிபாடியோடு வெசாடோலிமாட்டையும் சேர்த்து இப்படி ஒரு சோதனை நடந்தது இதுதான் முதல் தடவை. கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் மீதி 14 பேரையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் மாத்திரைக்குத் திரும்பினார்கள். உங்கள் காதுக்கு வந்த செய்தியில் அந்த 14 பேர் இல்லை.

நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. அந்தச் சோதனையில் நிறுத்தம் என்பது மருந்து அல்ல. மாத்திரை இருக்கும்வரை வைரஸ் எப்படியும் அடங்கித்தான் இருக்கும். அடக்கியது ஆன்டிபாடியா மாத்திரையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காகத்தான் மாத்திரையை எடுத்துவிட்டுப் பார்க்கிறார்கள். சோறு வெந்ததா என்று பார்க்க மூடியைத் திறக்கிறோம், மூடியைத் திறந்தால் சோறு வெந்துவிடாது. நீங்கள் அடுப்பே பற்றவைக்காமல் மூடியை மட்டும் திறந்திருக்கிறீர்கள்.

அவர்கள் மூடியைத் திறந்தபோது பக்கத்தில் ஆள் இருந்தது. அடிக்கடி ரத்தம் எடுத்து வைரல் லோடையும், நோயை எதிர்க்கும் சிடி4 வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் பார்த்தார்கள். இம்மாதிரிச் சோதனைகளில் வைரஸ் குறித்த அளவைத் தாண்டினாலோ, சிடி4 சரிந்தாலோ, கருத்தரித்தாலோ, அந்தப் பெண்ணே போதும் என்று சொன்னாலோ மாத்திரை உடனே திரும்பும். அத்தனை கவனத்திலும் ஆபத்து முழுதாகப் போய்விடாது. வேறு நாடுகளில் இப்படி நிறுத்திய காலத்தில் துணைவருக்குத் தொற்று பரவிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ஆன்டிபாடி என்றால் என்ன என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நோய்க்கிருமியைப் பிடித்துக்கொள்ள நம் உடம்பே செய்யும் புரதம் அது. எச்.ஐ.வி. விஷயத்தில் உடம்பு எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் ஓடும். நேற்றைய வைரஸுக்கு ஆன்டிபாடி தயாராகும்போது இன்றைய வைரஸ் சட்டை மாற்றியிருக்கும். சில பேருக்கு மட்டும் இரண்டு மூன்று வருடத்தில் வேறு மாதிரி ஆன்டிபாடி உருவாகிறது. வைரஸால் எளிதில் மாற்ற முடியாத இடத்தை அது போய்ப் பிடிக்கும், அதனால் பலவகை வைரஸ்களை அதனால் அடக்க முடியும். உம்லாசிப் பெண்களுக்குக் கொடுத்த இரண்டில் ஒன்று கிடைத்தது நம் குவாசுலு-நட்டாலில் வாழ்ந்த ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து. டர்பனின் காப்ரிசா என்ற எச்.ஐ.வி. ஆய்வு மையத்தின் ஆய்வில் அவருக்கு 256 என்று எண். அவர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளைப் பற்றி 2014-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவில் அதிகம் பரவியிருக்கும் சி வகை வைரஸை அது நன்றாகப் பிடிக்கிறது. அப்புறம் அதில் சின்ன மாற்றம் செய்து, ரத்தத்தில் பல மாதம் தங்கும்படி ஆக்கினார்கள்.

ஆனால் ஒரு ஆன்டிபாடி எல்லார் வைரஸையும் பிடிக்காது. 2016-இல் ஒரே ஆன்டிபாடியைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், வைரஸ் திரும்புவது சில வாரம் மட்டுமே தள்ளிப்போனது. 2018-இல் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த இரண்டுக்கும் பிடிபடக்கூடிய வைரஸ் இருந்த 9 பேரில், திரும்பிவரச் சராசரியாக 21 வாரம் ஆனது. நம் பக்கத்து போட்ஸ்வானாவில், பிறந்ததுமே சிகிச்சை தொடங்கிய 25 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 11 பேர் 24 வாரம் தாங்கினார்கள். ஒவ்வொன்றும் முன்னேற்றம்தான், சந்தேகமே இல்லை. கடையிலோ கிளினிக்கிலோ வாங்கும் மருந்தாக இதில் எதுவும் இன்னும் வரவில்லை.

உங்கள் நிலைமை வேறு. உம்லாசிப் பெண்களுக்கு வைரஸ் நுழைந்த சில நாளிலேயே கதவு சாத்தப்பட்டது, அதனால் ஒளிந்த வைரஸ் குறைவு. உங்களுக்கு எப்போது நுழைந்தது என்று யாருக்குத் தெரியும்? கர்ப்பப் பரிசோதனை வரை அது தங்குதடையில்லாமல் பரவியிருக்கும். அதோடு, ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று உங்களை எப்போதாவது சோதித்தார்களா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். டி.எல்.டி.யில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் அடக்கிவைக்கின்றன. அது இருப்பவர்கள் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் கடுமையாக வீங்கலாம். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனாலோ, கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விட்டு விட்டு எடுத்தால் என்ன ஆகும் என்று மருத்துவ உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. ஸ்மார்ட் என்ற ஆய்வில் 33 நாடுகளிலிருந்து 5,472 பேர் சேர்ந்தார்கள். சிடி4 நன்றாக இருக்கும்போது மாத்திரைக்கு ஓய்வு கொடுத்தால் பக்கவிளைவு குறையும் என்று நினைத்துத்தான் தொடங்கினார்கள். 2006-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டிவந்தது. ஓய்வு கொடுத்தவர்களுக்கு நோய்த்தொற்றோ மரணமோ நேர்ந்தது, தொடர்ந்து எடுத்தவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். இதயமும் சிறுநீரகமும் கல்லீரலும்கூடப் பாதிக்கப்பட்டன.

2004-க்கு முன்னால் இந்த மாகாணத்தில் ஒரு வார்டில் வேலை பார்த்தவள் நான். அப்போது அரசு கிளினிக்கில் மாத்திரை கிடையாது. ஒரு பெண் தன் பிள்ளையின் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்து முடிக்க வேண்டும் என்று படுக்கையிலேயே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார். நான்கு பொத்தானில் மூன்று தைத்திருந்தார். இப்போதும் டி.எல்.டி. டப்பாவைக் கையில் எடுத்தால் எனக்கு அந்தச் சட்டைதான் ஞாபகம் வருகிறது. நீங்கள் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருப்பது அவருக்குக் கிடைக்காமல் போனது.

ஒளித்துவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மாத்திரை மேல் உள்ள சலிப்பைவிட, மாமியாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பாரம்தான் உங்களை நிறுத்தச் சொன்னது என்று எனக்குத் தோன்றுகிறது. அது சின்ன விஷயம் இல்லை. பையில் கொட்டி வைக்காதீர்கள், ஈரம் பட்டால் மாத்திரை கெடும். டப்பாவிலேயே வைத்து, மேலே கொஞ்சம் பஞ்சு அடைத்தால் சத்தம் வராது. சொல்லலாமா வேண்டாமா என்பதைக் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள், கிளினிக்கில் இருக்கும் ஆலோசகரும் உதவுவார்.

ஊசி எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். விலைக்கு எங்கேயும் கிடைக்காது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு ஆன்டிபாடி ஊசி போடுகிறேன் என்றால் கிட்டேயே போகாதீர்கள். உண்மையான ஆய்வில் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள், போக்குவரத்துச் செலவை அவர்கள்தான் தருவார்கள், உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகபாவிர் ஊசியைப் பற்றியும் இப்போது பேச்சு அடிபடுகிறது. அது வேறு, இப்போது பேசப்படுவது தொற்று இல்லாதவர்களுக்கான தடுப்பாகத்தான். உங்கள் கணவருக்கு ஏதாவது தடுப்பு மருந்து பொருந்துமா என்று சிஸ்டரிடமே கேட்கலாம். அவரும் இப்போதே ஒரு டெஸ்ட் எடுக்கட்டும், சில வாரம் கழித்து இன்னொன்று.

ஆய்வில் சேர ஆசை இருந்தால் அது நல்ல ஆசைதான், தப்பே இல்லை. உம்பிலோ சாலையில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் ஆய்வு நிலையங்களில் என்னென்ன நடக்கிறது என்று உங்கள் கிளினிக் மூலம் விசாரிக்கலாம். அதற்கும் முதலில் கேட்பது, வைரல் லோடு பல மாதமாக அடங்கியிருக்கிறதா என்றுதான். திரும்ப மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆனதும் வைரல் லோடு பார்க்கச் சொல்லுங்கள், முன்னதாகவே பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னால் அப்படியே செய்யுங்கள். முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், காத்திருப்பேன்.