சீவுளி அலகு தீட்டுதல்: கேள்வி-பதில்

கிரைண்டரில் பிடித்தால் அலகின் முனை நீலமாகிறது. பிழையா? (மல்லாவி)

பிழைதான். சாதாரண கார்பன் உருக்கு ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூட்டில் நீலம் பாயும். அதற்குள் பதம் இறங்கிவிடும். அந்த இடத்தை எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, பாலை மரத்தில் நாலு இழுப்பில் மழுங்கும். தேய்த்து மினுக்கினால் நிறம்தான் போகும், பதம் திரும்பி வராது. நீலம் பாய்ந்த அளவுக்கு முனையை எடுத்துவிடத்தான் வேண்டும்.

விளிம்பு மெலியும்போதுதான் சூடு சட்டென்று ஏறுகிறது. எனவே முனையில் மயிரளவு மொட்டை இருக்கும்போதே கிரைண்டரை நிறுத்துங்கள், மிச்சத்தைக் கல்லில் பார்க்கலாம். கையுறை போடாமல் விரலை முனைக்குக் கிட்ட வையுங்கள். விரல் பொறுக்காத சூடு வந்ததும் அலகு தண்ணீருக்குள் போகட்டும். கிரைண்டரோடு வரும் சாம்பல் நிறச் சில்லைக் கழற்றி, 60 அல்லது 80 இலக்க வெள்ளைச் சில்லு போட்டால் சூடு நன்றாகக் குறையும். சில்லின் முகம் மினுங்கினால் அது அடைபட்டிருக்கிறது, சில்லின் முகத்தைச் சுரண்டிப் புதுப்பிக்கும் டிரெஸ்ஸரால் ஒருமுறை வாருங்கள். கண்ணாடி அணியாமல் கிரைண்டர் பக்கமே போகாதீர்கள்.

25 பாகைச் சரிவை எப்படி அளப்பது? (புதுக்குடியிருப்பு)

அடிமட்டம் போதும். சரிவின் நீளம் அலகின் தடிப்பைப் போல 2.4 மடங்கு இருந்தால் 25 பாகை. 2 மி.மீ. அலகுக்கு 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பிறகு கல்லில் அலகின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, முனையை மட்டும் 30 பாகையில் தீட்டுங்கள்.

பழைய முதிரை நிலையை இழைத்தபோது அலகு பல்லுடைந்தது. உள்ளே இரும்புத் துண்டு. (ஒட்டுசுட்டான்)

நம் பக்கத்து மரத்தில் ஆணி மட்டுமா இருக்கும், செல் துண்டும் சன்னமும் கூடக் கிடக்கும். இழைக்கமுன் பலமான காந்தத்தைப் பலகை மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மேலோட்டமான இரும்பு பிடிபடும், ஆழத்தில் இருப்பது தப்பிவிடும். மரம் கறுத்துப்போன இடத்தைத் தனியே கவனியுங்கள். உடைந்த பல்லைச் சரிவுப் பக்கமாக அராவிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் முனையைச் சில்லுக்கு நேரே பிடித்து, பள்ளம் மறையும் வரை மொட்டையாக்குங்கள். மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுச் சரிவைத் தொடங்குங்கள்.

தீட்டியும் முதிரை பிய்கிறதே? (நெடுங்கேணி)

முதிரையின் நார் மாறி மாறி ஓடும், எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு பட்டை பிய்யும். அலகின் மேல் பூட்டியிருக்கும் தகட்டை முனையிலிருந்து அரை மி.மீ.க்கும் குறைவாக நெருக்கி, மெல்லிய சீவல் எடுங்கள். அலகின் தட்டையான முகத்தையும் பாருங்கள். பெரும்பாலானோர் சரிவை மட்டும் தீட்டிவிட்டு, மறுபக்கம் புரண்ட பிசிறை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த முகத்தைக் கல்லில் முழுதாகப் படுக்கவைத்துத் தேயுங்கள், துளியும் உயர்த்தக்கூடாது. விரலைக் குறுக்கே தடவினால் பிசிறு தட்டுப்படக் கூடாது.

கல் நடுவில் குழிந்துவிட்டது. (பரந்தன்)

தடித்த கண்ணாடியில் 120 இலக்க வோட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, அதில் கல்லைத் தேயுங்கள். கல்லில் பென்சில் கோடுகள் போட்டுவையுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் கல் மட்டமாகிவிட்டது.