சினையும் பாசிமணியும்

அன்புள்ள அண்ணா,

இரண்டு வருடமாக அமெரிக்காவின் ஓரிகானில், ஹில்ஸ்பரோவில் இருக்கிறேன். வில்சன் ஆற்றைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் ஃப்ளை தூண்டிலை, இறகும் நூலும் கட்டிய போலி இரையால் மீன் பிடிப்பதை, கையில் எடுத்தேன். போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் அங்கே கூட்டிப்போய், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மணியைத் தூண்டில் நரம்பில் கோத்துக் கொடுத்தார். சால்மன் முட்டை மாதிரி இருக்கும், போடு என்றார். நாலாவது வீச்சிலேயே ஒரு கட்த்ரோட் ட்ரவுட் மாட்டியது, விட்டுவிட்டோம். கரையில் நின்ற ஒரு பெரியவர், "இது ஃப்ளை ஃபிஷிங்கே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். நாங்கள் தாமிரபரணிக் கரைக்காரர்கள். "சினைமீனையே பிடிக்கக் கூடாதென்பார்கள், நீ சினையைக் காட்டியா மீன் பிடிக்கிறாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

உங்கள் வாசகன்,
ஹில்ஸ்பரோ

அன்புள்ள தம்பி,

பெரியவர் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். ஃப்ளை என்று பெயர் வந்துவிட்டதால் ஈயைத்தான் கட்ட வேண்டும் என்றில்லை. குஞ்சுமீன், இறால், புழு என்று மீன் தின்னும் எல்லாவற்றையும் இறகிலும் நூலிலும் கட்டுகிறோம். அக்டோபர், நவம்பரில் ஓரிகான் கடலோர ஆறுகளில் ட்ரவுட் தேடித் தின்பது சால்மன் சினையை. அதைக் கட்டாமல் வேறு எதைக் கட்டுவது? குளோ பக் என்று ஒன்று உண்டு. முட்டை நிறத்தில் தடித்த நூல்கற்றையைக் குட்டையான தூண்டில் முள்ளின்மேல் இறுக்கிக் கட்டி, மேலே இழுத்துப் பிடித்து, கத்தரியால் ஒரே வெட்டு. நூல் விரிந்து உருண்டையாக நிற்கும். அதை ஃப்ளை என்று யாரும் மறுக்க முடியாது. பிளாஸ்டிக் மணியை அப்படிச் சொல்ல முடியாது, அது கட்டியது இல்லை, கோத்தது. பெரியவரின் வருத்தம் அதுவாக இருக்கலாம். 'ஃப்ளை மட்டும்' என்று அறிவித்த பகுதிகளில் மணி போடலாமா என்று அந்தந்த வருட விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் நானும் மணி போடுகிறேன்.

உங்கள் அப்பா கேட்டதுதான் பெரிய கேள்வி. அவர் சொல்வது சரி. அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டே பாசிமணி போட முடியும் என்று நான் நம்புகிறேன். ஆனால் அதற்கு ஆற்றின் அடியில் நடப்பது தெரிந்திருக்க வேண்டும்.

சால்மன் பெட்டை கூழாங்கல் தரையில் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் அடித்து அடித்துக் குழி பறிக்கும். ஆண்மீன் பக்கத்தில் வந்து நிற்கும். குழியில் ஒரு பங்கு சினையை விட்டதும் சற்று மேலே, ஓட்டம் வரும் பக்கமாக நகர்ந்து அடுத்த குழியைப் பறிக்கும். அங்கே கிளம்பும் கற்கள் ஓட்டத்தில் வந்து முதல் குழியை மூடும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல குழிகள். இந்த மொத்தக் கூட்டுக்கு இங்கே 'ரெட்' என்று பெயர். சினூக் என்ற வகைச் சால்மன் பெட்டையின் வயிற்றில் 4,000 முட்டை இருப்பது சாதாரணம். அத்தனையும் கல்லுக்குள் போய்ச் சேராது. கல் மூடுவதற்குள் சில ஓட்டத்தில் போய்விடும். பின்னால் வரும் இன்னொரு பெட்டை அதே இடத்தைக் கிளறி, முன்னவளின் முட்டைகளையும் வெளியே தள்ளிவிடும். அப்படி வெளியே வந்த முட்டை பொரிப்பது அரிது. கட்த்ரோட்டும், கடலுக்குப் போய்வரும் ட்ரவுட்டான ஸ்டீல்ஹெட்டும் கீழே காத்திருப்பது அதற்காகத்தான். உங்கள் மணி போலிசெய்வது, கூட்டைவிட்டு ஏற்கெனவே போய்விட்ட முட்டையை. அதனால் கூட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் நம் காலால் வருகிறது.

இது எனக்குத் தெரிய வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இங்கே வந்து முதல் நவம்பர். நெஸ்டக்கா ஆற்றில், எதிர்க்கரை மடுவுக்குப் போக கணுக்கால் தண்ணீரில் குறுக்கே நடந்தேன். நடுவில் ஓரிடத்தில் கல் பொதுக்கென்று உள்வாங்கியது. மற்ற இடமெல்லாம் இறுகிக் கிடக்க, அங்கே மட்டும் புது மணல்போல இளகியிருந்தது. காலை எடுத்தேன். பூட்ஸ் ஓரமாக இரண்டு முட்டைகள் எழும்பி வந்தன. நல்ல ஆரஞ்சு நிறம், வெயில் ஊடுருவும் பளபளப்பு. ஒரு முழம் போவதற்குள் ஒரு மீன் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால், கையெட்டும் தூரத்தில் ஒரு கோஹோ சால்மன் பெட்டை. வாலின் ஓரமெல்லாம் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. நான் நகர்ந்ததும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து நின்றுகொண்டது. கடலிலிருந்து ஏறி வந்து, குழி பறித்து, சினையை விட்டு, சாகும்வரை காவல் நிற்கிற மீன் அது. நான் மிதித்தது அதன் கூட்டை. நரம்பைச் சுற்றிக்கொண்டு கரையேறிவிட்டேன். இந்தக் கோஹோக்கள் ஓரிகான் கடலோரத்தில் 1998-இல் முதன்முறையாக அழியும் அபாயத்தில் உள்ளவை என்று சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த வருடம் முழுக்க நான் முட்டை கட்டவில்லை.

கூட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆற்றுக் கற்களில் பாசி படிந்து பழுப்பாக இருக்கும். கூடு இருக்குமிடத்தில் மட்டும் யாரோ தேய்த்துக் கழுவி வைத்ததுபோல வெளிர்ப்பாக ஒரு நீள்வட்டம் தெரியும். மேல்பக்கம் பள்ளம், கீழ்பக்கம் மேடு. பலரும் பள்ளத்தில்தான் முட்டை இருக்கிறதென்று அதைச் சுற்றிப் போய் மேட்டில் கால் வைக்கிறார்கள். முட்டை இருப்பது மேட்டுக்கு அடியில். விட்ட சில நாட்களிலிருந்து, உள்ளே கண்ணின் கரும்புள்ளி தெரியும்வரை முட்டை மிக மென்மையானது, ஓர் அதிர்வே போதும் சாவதற்கு. மீன் போய்விட்டது, இடம் காலி என்று நினைக்க வேண்டாம். குஞ்சுகள் கல்லைவிட்டு வெளியே வருவது வசந்தத்தில். ஆகவே மார்ச்சில் ஸ்டீல்ஹெட்டுக்காக இறங்கும்போதும் வெளிர்ந்த தரையைக் கண்டால் விலகி நடங்கள். ஸ்டீல்ஹெட்டும் அதே மாதிரித் தரையில்தான் கூடு கட்டும்.

கூட்டின் மேல் நிற்கிற சால்மனுக்குத் தூண்டில் வீசக் கூடாது. உங்கள் அப்பாவின் விதி இங்கே அப்படியே பொருந்தும். கூடு தெரிந்தால் நான் கரையேறி, கீழே அடுத்த மடுவரை நடந்து, ஓட்டம் மெலிந்து ஆழம் தொடங்குகிற இடத்தில் இறங்குவேன். மேலிருந்து வரும் முட்டை சேருமிடம் அதுதான். கூட்டுக்கு நேர் பின்னாலேயே ட்ரவுட் நிற்பது கண்ணுக்குத் தெரியும், ஆசையும் வரும். அதை விட்டுவிட்டு மடுவுக்குப் போவது எனக்கு இப்போது பழகிவிட்டது.

இனி மணி. உங்கள் நண்பர் கொடுத்தது பளிச்சென்ற ஆரஞ்சு என்று நினைக்கிறேன். அது புது முட்டையின் நிறம். தண்ணீரில் சில நாள் கிடந்தால் முட்டை வெளிறி, பால் கலந்ததுபோல மங்கிவிடும். சீசன் கடைசியில் ட்ரவுட் அந்த மங்கலைத்தான் நம்புகிறது. அலாஸ்காவில் இதற்காக மணிக்கு நகப்பூச்சு பூசுவார்கள். நானும் பூசுகிறேன். மணிகளைப் பல்குத்தும் குச்சியில் வரிசையாகச் செருகி, வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு, காய்ந்ததும் நிறமில்லாத பூச்சு ஒன்று. எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் அக்டோபர் முழுக்க இந்தக் குச்சிகள் நிற்கும். 8 மில்லிமீட்டர் இந்த ஆறுகளுக்குப் பொதுவாகச் சரி. தண்ணீர் கலங்கியிருந்தால் 10.

மணியை நரம்பில் அசையாமல் நிறுத்த, பல்குத்தும் குச்சியின் நுனியை மணியின் துளையில் செருகி ஒட்ட நறுக்கிவிடுங்கள். மணிக்குக் கீழே கட்டும் முள்ளுக்கும் மணிக்கும் இடைவெளி இரண்டு அங்குலத்தைத் தாண்டவே கூடாது. மீன் மணியைத்தான் கவ்வுகிறது. நாம் இழுக்கும்போது வெறும் முள் வந்து வாயோரத்தில் ஏறுகிறது. இடைவெளி கூடினால் அதே முள் கண்ணிலோ செவுளிலோ வயிற்றிலோ குத்தும். அலாஸ்காவின் பல ஆறுகளில், மணியை நிறுத்திக் கட்டினால் இரண்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. சட்டம் இல்லாத இடத்திலும் நான் ஒன்றரை அங்குலம் வைக்கிறேன். குளோ பக்கில் முள் உருண்டைக்குள்ளேயே இருப்பதால் இந்தக் கவலை இல்லை. எனக்கு அது கூடுதலாகப் பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

முட்டைக்கு நீந்தத் தெரியாது. அதனால் உங்கள் மணியும் ஓட்டம் கொண்டுபோகும் வேகத்தில், தரையை ஒட்டிப் போக வேண்டும். தக்கையிலிருந்து மணிவரை தண்ணீரின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு நரம்பு, நடுவில் சின்ன ஈயக்குண்டு ஒன்று. வீசியதும் தண்ணீர்மேல் கிடக்கும் தடித்த கயிற்றைத் தூக்கி மேல்பக்கமாகப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஓட்டம் அதை வளைத்துத் தக்கையை இழுக்கும். பக்கத்தில் மிதக்கும் நுரையைப் பாருங்கள். அடியோட்டம் மேலோட்டத்தைவிட மெதுவானது. ஆகவே தக்கை நுரையைவிடக் கொஞ்சம் பிந்திப் போனால் மணி சரியான ஆழத்தில் இருக்கிறது. நுரையோடு சேர்ந்து ஓடினால் இன்னும் ஆழம் கூட்ட வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை ஆறு சொல்லிக்கொடுக்கும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். வில்சன், டிராஸ்க், நெஸ்டக்கா எல்லாம் கடலோர மலைத்தொடரில் பிறந்து சீக்கிரமே கடலில் விழுகிற குட்டை ஆறுகள். பனிமலைத் தண்ணீர் கிடையாது, மழைதான். ஒரே இரவில் ஏறும், சில நாளில் இறங்கும். மழை விட்டு, நீர்மட்டம் இறங்கி, பழுப்பு போய்ப் பச்சை வருகிற நாளில் போங்கள். வில்சனின் நீர்மட்டம் டில்லமூக் அருகே அளக்கப்பட்டு இணையத்தில் வருகிறது, கிளம்புமுன் பார்க்கலாம். இந்த வில்சனின் மலைக்காடு 1933, 1939, 1945, 1951 என்று ஆறு ஆண்டுக்கு ஒருமுறை எரிந்தது. மரம் போனால் மலைமண் ஆற்றில் இறங்கும், வண்டல் கல்லிடுக்கை அடைத்தால் உள்ளே இருக்கும் முட்டைக்கு மூச்சு இருக்காது. இப்போது நெடுஞ்சாலை 6-இல் வண்டியோட்டிப் போகும்போது இருபுறமும் நீங்கள் பார்க்கிற பச்சை, பெரும்பாலும் அதற்கப்புறம் நட்டு வளர்த்த காடு. அந்த மரங்களின் காலடியில்தான் முட்டையிட்டு முடித்த சால்மன்கள் செத்து ஒதுங்கி, உரமாகின்றன. நாற்றம் அடிக்கும். முகம் சுளிக்காமல் ஒருமுறை நின்று பாருங்கள்.

நவம்பரில் மழை விடும் சனிக்கிழமை ஒன்றில் நெஸ்டக்காவுக்குப் போவேன். எழுதுங்கள், சேர்ந்து போகலாம். நான் மிதித்த இடத்தைக் காட்டுகிறேன். அநேகமாக ஒவ்வொரு வருடமும் அங்கே கூடு கட்டுகின்றன. தண்ணீருக்குள் பார்க்கப் போலரைஸ்டு கண்ணாடி ஒன்று கொண்டுவாருங்கள். கரையில் நின்றபடியே அப்பாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பலாம். அன்றைக்குத் தூண்டில் வண்டியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்