ஸ்டாக் படங்கள்: விற்பனை குறைவது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான் திருமணப் புகைப்படக் கலைஞன். ஓய்வு நேரத்தில் எடுத்த ஏறத்தாழ நான்காயிரம் படங்களை ஸ்டாக் படங்களாக, அதாவது தேவைப்படுபவர் பணம் கட்டிப் பதிவிறக்கிப் பயன்படுத்தும் ஆயத்தப் படங்களாக, மூன்று இணைய நிறுவனங்களில் விற்பனைக்கு வைத்திருக்கிறேன். 2016-இல் கிடைத்த வருமானத்தில் இன்று கால் பங்குகூட வருவதில்லை. படங்கள் அதே படங்கள்தான். தவறு எங்கே இருக்கிறது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: படங்களில் குறை தேடுவதற்கு முன்னால் உங்கள் வருமானக் கணக்கை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஓர் ஆண்டில் எத்தனை பதிவிறக்கங்கள் நடந்தன என்பது ஒன்று. ஒரு பதிவிறக்கத்துக்குச் சராசரியாக எவ்வளவு கிடைத்தது என்பது மற்றொன்று. இரண்டுமே இறங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டுக்கும் காரணங்கள் வேறு. ஒன்றை உங்களால் ஓரளவு மாற்ற முடியும். மற்றதை மாற்ற முடியாது.

மாற்ற முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000-இல் கனடாவின் கால்கரி நகரில் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோ (இன்றைய ஐஸ்டாக்) படங்களை விற்கத் தொடங்கியபோதே, நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற படங்களின் விலை ஓரிரு டாலருக்கு வந்துவிட்டது. 2003-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக், மாதச் சந்தா கட்டினால் ஒரு வரம்பு வரை படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற முறையைப் பரவலாக்கியது. அதில் நெடுங்காலம் ஒரு சந்தாப் பதிவிறக்கத்துக்குக் கலைஞரின் தகுதிநிலையைப் பொறுத்து 25 முதல் 38 சென்ட் வரை நிலையான தொகை கிடைத்துவந்தது. 2020 ஜூன் முதல் தேதி அந்த நிலையான தொகை போய் விழுக்காட்டு முறை வந்தது. ஓர் ஆண்டில் முதல் 100 படப் பதிவிறக்கங்கள் வரை 15 விழுக்காடு, 250 வரை 20 விழுக்காடு என்று படிப்படியாக ஏறி, 25,000-ஐத் தாண்டியவருக்கு 40 விழுக்காடு. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதி எல்லோரும் மீண்டும் 15 விழுக்காட்டுப் படிக்கே இறக்கப்படுகிறார்கள். உங்கள் ஜனவரி மாதக் கணக்கு ஏன் எப்போதும் மெலிந்து காணப்படுகிறது என்பதற்கு இதுவே பெரும்பங்கு விளக்கம்.

இந்த விழுக்காடு எதன் மீது கணக்கிடப்படுகிறது என்பதுதான் முக்கியம். மாதம் 750 படங்கள் எடுக்கும் சந்தாவுக்கு ஒரு வாடிக்கையாளர் 200 டாலர் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்தின் விலை 27 சென்ட்டுக்குள் வந்துவிடும். அதில் 15 விழுக்காடு 4 சென்ட். இதற்குக் கீழே போகாமலிருக்க 10 சென்ட் என்ற குறைந்தபட்சத் தொகையை அந்நிறுவனம் வைத்திருக்கிறது. பெரிய விளம்பர நிறுவனங்களும் இணைய இதழ்களும் இத்தகைய மொத்தச் சந்தாக்களையே வாங்குவதால், உங்கள் கணக்கில் பத்து சென்ட் வரிகள் நிரம்பியிருப்பதில் வியப்பில்லை.

இனிப் பதிவிறக்க எண்ணிக்கை. ஷட்டர்ஸ்டாக் 2012-இல் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் சேமிப்பில் இருந்த படங்கள் ஏறத்தாழ 2 கோடி. பத்தே ஆண்டுகளில் அது 40 கோடியைத் தாண்டிவிட்டது. வாங்குவோர் எண்ணிக்கை இருபது மடங்கு பெருகவில்லை. இதோடு இலவசத் தளங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெக்சல்ஸ், பிக்சாபே இரண்டையும் 2019-இல் வடிவமைப்புத் தளமான கேன்வா வாங்கியது. அன்ஸ்பிளாஷை 2021-இல் பட விற்பனை நிறுவனமான கெட்டி இமேஜஸ் வாங்கியது. காப்பிக் கோப்பை, மடிக்கணினி, மழைத்துளி விழுந்த இலை போன்ற படங்களைப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய தேவை வலைப்பதிவருக்கும் சிறு கடைக்காரருக்கும் இன்று இல்லை.

ஆகவே, உங்கள் நான்காயிரம் படங்களில் எவை கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு முறையாவது விற்றன என்று பட்டியலிடுங்கள். பெரும்பாலும் அது சில நூறு படங்களுக்குள் அடங்கிவிடும். அந்தப் பட்டியலில் பொதுவாக இருப்பது என்ன என்று கண்டறிந்து அந்தத் திசையில் மட்டும் புதிதாக எடுங்கள். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அவற்றுக்காக இன்னொரு மாலையைச் செலவிட வேண்டாம்.

கேள்வி: ஒரே நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்தால் கூடுதல் பங்கு கிடைக்கும் என்கிறார்கள். பலவற்றில் போடுவது நல்லதா, ஒன்றில் நிற்பது நல்லதா?
– வாசகி, மதுரை

பதில்: பலவற்றில் போடுவதே நல்லது. ஐஸ்டாக்கில், மற்ற நிறுவனங்களிலும் விற்கும் கலைஞருக்குப் படத்துக்கு 15 விழுக்காடும், அதற்கு மட்டுமே தருவதாக ஒப்புக்கொண்டவருக்கு 25 முதல் 45 விழுக்காடு வரையும் தருகிறார்கள். ஆனால் அந்த ஒப்புதல் குறிப்பிட்ட ஒரு படத்தோடு நிற்பதில்லை. உங்கள் ராயல்டி-ஃப்ரீ படங்கள் (வாங்குபவர் ஒருமுறை பணம் கட்டிப் பலமுறை பயன்படுத்தக்கூடியவை) அனைத்தையும் அது கட்டிப்போடுகிறது. அடோபி ஸ்டாக் எந்த நிபந்தனையும் இல்லாமல் படத்துக்கு 33 விழுக்காடு தருகிறது. இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டுக்குப் பல ஆயிரம் பதிவிறக்கங்கள் காண்பவருக்கு அன்றி மற்றவருக்கு ஒரே நிறுவனத்துக்கு மட்டும் தரும் ஒப்பந்தத்தில் இலாபம் தென்படவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கெட்டி இமேஜஸ் 2006-இல் ஐஸ்டாக்கை 5 கோடி டாலருக்கு வாங்கியது. 2014-இன் இறுதியில் அடோபி நிறுவனம் ஃபோட்டோலியாவை 80 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, அதையே அடோபி ஸ்டாக் ஆக்கியது. பிரிட்டனின் பட நிறுவனமான அலாமி 2020-இல் பி.ஏ. மீடியா என்ற செய்திக் குழுமத்தின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே பங்குவிகிதம் திருத்தப்பட்டு, குறைவாக விற்பவருக்கு 20 விழுக்காடு என்றானது. 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றிணையப் போவதாக அறிவித்தன. இணைந்த நிறுவனத்தின் மதிப்பாக அவை சொன்னது ஏறத்தாழ 370 கோடி டாலர். உடைமையாளர் மாறிய பிறகு பங்குவிகிதம் கலைஞருக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டதாக இந்தத் துறையில் எனக்கு நினைவில்லை. ஒரே கூடையில் எல்லா முட்டைகளையும் வைப்பவர், கூடைக்காரர் மாறும்போதெல்லாம் அஞ்ச வேண்டியிருக்கும்.

கேள்வி: கோயில்கள், திருவிழாக்கள், சந்தைகள் என்று எடுத்து வைத்திருக்கிறேன். பாதிப் படங்களை நிராகரித்துவிடுகிறார்கள். எதை எடுத்தால் விற்கும்? எதற்கு அனுமதி வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நிராகரிப்புக்குப் பொதுவான காரணம் படத்தின் தரம் அன்று, அதில் அடையாளம் தெரியும் மனிதர்களும் வணிகச் சின்னங்களும் இருப்பதுதான். விளம்பரம் உள்ளிட்ட வணிகப் பயன்பாட்டுக்குப் படம் போக வேண்டுமானால், முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் மாடல் ரிலீஸ் எனப்படும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெற வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். தேரோட்டத்தில் ஆயிரம் பேரிடம் கையொப்பம் வாங்க முடியாது என்பது சரி. அத்தகைய படங்களை எடிட்டோரியல் என்னும் செய்திப் பயன்பாட்டுப் பிரிவில் அனுப்ப வேண்டும். ஷட்டர்ஸ்டாக், அலாமி, ஐஸ்டாக் ஆகியவை ஏற்கின்றன. அடோபி ஸ்டாக்கில் அந்தப் பிரிவு மிகக் குறுகியது. விளக்கக் குறிப்பில் ஊர், நாடு, தேதி, நடந்தது என்ன என்பவை உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். மின்கம்பியை அழிப்பது, வானத்தை மாற்றுவது போன்ற ஒப்பனைகளை இப்பிரிவில் ஏற்க மாட்டார்கள்.

எதை எடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் மாலை வெயிலில் நிற்கும் படம் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று தேடிப் பாருங்கள்; உங்கள் படம் அவற்றைவிட அழகாக இருந்தாலும் முதல் பக்கத்துக்கு வருவது அரிது. அதற்குப் பதிலாக, வெளிநாட்டுப் பாடநூல் பதிப்பாளரோ, தண்ணீர் மேலாண்மை பற்றி அறிக்கை தயாரிக்கும் தொண்டு நிறுவனமோ எதைத் தேடுவார் என்று யோசியுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. மொட்டைமாடியிலிருந்து குழாய் வழியே நீர் இறங்கிச் சேகரிப்புக் குழியில் விழும் அமைப்பு முழுவதும் தெளிவாகத் தெரியும் படங்கள் எத்தனை கிடைக்கின்றன என்று தேடிப் பார்த்தால் வியப்பீர்கள். ஓட்டு வீட்டின் மீது சூரியத் தகடு, பூக்கடையில் கைப்பேசியால் பணம் செலுத்துவது, மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்டம், பனங்கருப்பட்டி காய்ச்சுவது, ஊராட்சிப் பள்ளியில் காலை உணவு: இவை எல்லாம் உங்கள் ஊரில் நடந்து போகும் தொலைவில் உள்ளன. உங்களுக்கு நெல்லை நன்றாகத் தெரியும் என்பதே நீங்கள் விற்கக்கூடிய பொருள். உறவினரையும் அண்டை வீட்டாரையும் வைத்து, உரிய படிவத்தோடு எடுத்தால், இவற்றில் பல வணிகப் பயன்பாட்டுக்கும் போகும்.

குறிச்சொற்களில் சோம்பல் வேண்டாம். ஷட்டர்ஸ்டாக் 50 சொற்கள் வரை இடமளிக்கிறது. அடோபி ஸ்டாக்கில் முதல் பத்துச் சொற்களுக்கு அதிக மதிப்பு உண்டு என்பதால் வரிசையும் முக்கியம். "அழகு", "இந்தியா", "பண்பாடு" என்று தொடங்குவதைவிடப் பயிரின் பெயர், கருவியின் பெயர், செயலின் பெயர், ஊர் என்று தொடங்குவது மேல்.

தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைத்து எடுக்க முன் அனுமதி தேவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். திருமணப் படம் எடுக்கும் வாசகர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். மணமகளின் மருதாணிக் கையை எடுத்தது நீங்கள் என்றாலும் விற்கும் உரிமை உங்களுடையது அல்ல. முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் பத்துப் படம் தருகிறது. இனிக் கேமராவைத் தூக்குவதில் பொருள் உண்டா? நானும் அப்படியே உருவாக்கி விற்கலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: விற்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் அன்று. அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரிலிருந்து அத்தகைய படங்களை ஏற்கிறது. இயந்திரத்தால் உருவானது என்று குறிப்பிடுவது கட்டாயம். கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் கலைஞர்களிடமிருந்து அவற்றை ஏற்பதில்லை. நீங்கள் உருவாக்கும் அதே படத்தை வாங்குபவர் தானே உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதையும், மனித ஆக்கம் இல்லாத படத்துக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு தருவதில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தால், இதில் நெடுநாள் வருமானம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனிக் கேமராவைத் தூக்குவதில் பொருள் உண்டா என்ற கேள்விக்கு விடை, நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெள்ளைப் பின்னணியில் ஆப்பிள், கைகுலுக்கும் இரு அலுவலர்கள் (எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பல்வரிசை), மேகங்களுக்கு மேல் சூரியன் ஆகியவற்றின் சந்தையை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் இன்ன மாதம் மல்லிகை எப்படிக் குவிந்திருந்தது என்பதை இயந்திரம் ஊகிக்கத்தான் முடியும். செய்தி நிறுவனங்களும் பாடநூல் பதிப்பாளர்களும் ஊகத்துக்குப் பணம் தரத் தயங்குகிறார்கள்.

உங்கள் படங்கள் இந்த இயந்திரங்களுக்குப் பயிற்சிப் பொருளாகவும் போகின்றன. அடோபி 2023 மார்ச்சில் அறிமுகப்படுத்திய ஃபயர்ஃபிளை என்னும் படம் உருவாக்கும் கருவி, அடோபி ஸ்டாக் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர்களுக்கு முதல் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஷட்டர்ஸ்டாக் 2022 அக்டோபரில் இதற்கென ஒரு கலைஞர் நிதியை அறிவித்தது. கெட்டி, தன் படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கும் ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மீது 2023-இல் வழக்குத் தொடுத்தது. தனி ஒருவருக்கு இந்தத் தொகைகள் சிறியவை; இவற்றை வருமானத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: என் வருமானத்தில் 30 விழுக்காட்டை அமெரிக்க வரி என்று பிடித்துவிட்டார்கள். திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, சேலம்

பதில்: நீங்கள் டபிள்யூ-8பென் படிவத்தை, அதாவது அமெரிக்கர் அல்லாதவர் தம் வரி நிலையை அறிவிக்கும் படிவத்தை, நிரப்பவில்லை என்று தெரிகிறது. தளத்தின் வரிப் பகுதியில் பான் எண்ணோடு அதை நிரப்பி, இந்தியா - அமெரிக்கா வரி உடன்படிக்கையைக் குறிப்பிட்டால், ராயல்டி மீதான பிடித்தம் 15 விழுக்காடாகக் குறையும். அதுவும் அமெரிக்க வாடிக்கையாளர் வாங்கிய பங்குக்கு மட்டுமே. கையொப்பமிட்ட ஆண்டை அடுத்த மூன்றாம் ஆண்டின் முடிவோடு படிவம் காலாவதியாகும். புதுப்பிக்க மறந்தால் மீண்டும் 30 விழுக்காடு. இங்கே வருமான வரிக் கணக்கில் முழுத் தொகையையும் காட்டி, அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கோரலாம். ஏற்கெனவே பிடித்ததைத் திரும்பப் பெறுவது கடினமான வேலை. தொகை பெரியதாக இருந்தால் மட்டும் தணிக்கையாளரைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டாக் படங்களுக்காகவே கடன் வாங்கிப் புதிய லென்ஸ் ஒன்று வாங்க நினைக்கிறேன். உங்கள் கருத்து?
– வாசகர், காரைக்குடி

பதில்: வாங்க வேண்டாம். ஷட்டர்ஸ்டாக்கும் அடோபி ஸ்டாக்கும் கேட்கும் குறைந்தபட்ச அளவு 4 மெகாபிக்சல்தான். உங்களிடம் இப்போது இருக்கும் கேமரா அதை எளிதில் தாண்டும். 60,000 ரூபாய் லென்ஸ் என்றால், ஒரு பதிவிறக்கத்துக்குச் சராசரியாக 30 ரூபாய் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், வட்டியைச் சேர்க்காமல் 2,000 பதிவிறக்கங்கள் நடந்த பிறகே முதல் திரும்பும். திருமண வேலைக்கு அந்த லென்ஸ் உண்மையில் தேவைப்படுகிறது என்றால், அந்த வேலையின் வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.